மேடை ஏறினால்தான் மிருதங்கம்

போன மாதம் நித்யா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்றபோது காலி செய்த மேசையில் இப்போது உட்கார்ந்திருப்பவள் அவள். நல்ல பெண். பேச்சில் பாதி ஆங்கிலம், மீதி சிரிப்பு.

"ஆன்ட்டி, பிள்ளைங்க மியூசிக் ஸ்கீம் பத்தி நம்ம ஆபீஸ்ல ஒரு சின்ன புக் போடறாங்க. ரிட்டயர் ஆனவங்க ஆளுக்கு ஒரு ஹேப்பி மெமரி எழுதித் தரணுமாம். ஷார்ட்டா, ஸ்வீட்டா இருந்தா போதும்."

"ஸ்வீட்டா இல்லாததும் இருக்கே, அதை எழுதலாமா?"

"அது வேணாம் ஆன்ட்டி," என்று சிரித்தாள். பிறகு பேச்சோடு பேச்சாக இன்னொரு செய்தியும் சொன்னாள். இனிமேல் உதவி பெறும் ஒவ்வொரு வகுப்பும் பருவத்துக்கு ஒரு வீடியோ எடுத்து அனுப்ப வேண்டுமாம். பிள்ளைகள் வாத்தியம் வாசிப்பது அதில் தெளிவாகத் தெரிய வேண்டுமாம். அனுப்பாத வகுப்புக்கு அடுத்த பருவம் ஆசிரியரும் கிடையாது, வாத்தியமும் கிடையாது. "ஜஸ்ட் ஒரு வீடியோதான் ஆன்ட்டி. பெரிய விஷயமில்ல லா."

போனை வைத்த பிறகும் எனக்கு ஆறவில்லை. அடுப்பில் இருந்த சாம்பார் அடிப்பிடித்து வாடை வரும் வரைக்கும் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். இதே போல 'இவ்வளவுதானே' என்று சொல்லித்தான் ஒரு பெண் பிள்ளையின் வாயை நாங்கள் அடைத்தோம். என் வேலைக் காலத்தில் எத்தனையோ நல்லது நடந்திருக்கிறது. ஆனால் கேட்டால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அதுதான், அதைத்தான் எழுதப் போகிறேன். அச்சிடுவதும் கிழித்துப் போடுவதும் அவர்கள் பாடு.

என்னைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். என் பெயர் ஸ்டெல்லா. குவீன்ஸ்டவுனில் பிறந்து, அங்கேயே கல்யாணமாகி, அங்கேயே இருக்கிறேன். சமூக மன்றத்தில் பூப்பந்து மைதானத்துக்கு நேரம் ஒதுக்கிக் கொடுக்கும் எழுத்தராகச் சேர்ந்தேன். மைதானச் சண்டைகளைத் தீர்த்துத் தீர்த்து நாக்கு கொஞ்சம் கூர்மையாகிவிட்டது. அந்த நாக்கைப் பார்த்துத்தான் வட்டார அலுவலகத்தின் இசைத் திட்டத்துக்கு என்னை மாற்றினார்கள் என்று நினைக்கிறேன்.

திட்டம் இதுதான். வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைகள் தொடக்கப்பள்ளியில் படிக்கும் காலத்தில் ஏதாவது ஒரு இசை கற்றுக்கொள்ளலாம். ஆசிரியருக்குச் சம்பளம் அலுவலகம் தரும். சமூக மன்றத்தில் அறை தரும். வாத்தியத்தை இரவல் தரும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை நானும் என் மேலதிகாரியும் வகுப்புக்குப் போய்ப் பார்ப்போம். பார்த்ததை எழுதி மேலே அனுப்புவோம். எந்த வகுப்பு தொடரும், எது நிற்கும் என்பதை அங்கே முடிவு செய்வார்கள்.

மக்கள் பணம் இது, கணக்குக் கேட்பது நியாயம். அதை நான் ஒருநாளும் குறை சொன்னதில்லை. எதைக் கேட்டார்கள் என்பதில்தான் என் சண்டை. ஆண்டு முடிவில் வட்டார விழா ஒன்று நடக்கும். சிறப்பு விருந்தினர் வருவார். உதவி பெறும் ஒவ்வொரு வகுப்பும் அந்த மேடையில் ஏதாவது வாசித்துக் காட்ட வேண்டும் என்பது எழுதப்படாத சட்டம். வசதியுள்ள வீட்டுப் பிள்ளை வீட்டுக்கு வரும் ஆசிரியரிடம் ஒரு வருடம் முழுக்கத் தப்புத் தப்பாக வாசிக்கலாம். பிடிக்காவிட்டால் மாற்றிக்கொள்ளலாம். கேட்க ஆளில்லை. உதவி வாங்கும் பிள்ளை மட்டும் வாங்கியதற்கு நன்றியாக டிசம்பருக்குள் தேறிக் காட்ட வேண்டும். ஏழைப் பிள்ளைக்கு இசை மெதுவாக வரக் கூடாது என்று எந்த ஊர் நியாயம் சொல்கிறது?

நான் பாடக் கற்றுக்கொண்டது எங்கள் பங்குக் கோவிலின் பாடகர் குழுவில். நாலு வருடம் பின்வரிசையில் நின்று வாயை மட்டும் அசைத்தேன். யாரும் என்னை வெளியே அனுப்பவில்லை. ஐந்தாவது வருடம் குரல் வந்தது. எங்கள் அலுவலகம் அந்தக் குழுவை நடத்தியிருந்தால் முதல் கிறிஸ்துமஸ் முடிந்ததுமே என்னை நீக்கியிருப்பார்கள்.

இந்தச் சட்டத்தால் என்ன நடக்கும் என்பதை முதலில் ஒரு கீபோர்டு வகுப்பில் பார்த்தேன். ஆசிரியை கெட்டிக்காரி. எங்கள் விதியைப் புரிந்துகொண்டு, ஜனவரியில் ஒரு பாட்டைத் தொடங்கி டிசம்பர் வரை அதையே வாசிக்க வைத்தார். மேடையில் பிள்ளைகள் வெளுத்து வாங்கினார்கள். இறங்கி வந்ததும் ஒரு சீனத் தாத்தா ஆசையாக ஒரு பிள்ளையிடம், வேறு ஏதாவது வாசியேன், சின்னதாக, என்று கேட்டார். பிள்ளை திருதிருவென்று விழித்தது. அதற்கு வேறு எதுவும் தெரியாது. வருடம் முழுக்க ஒரு பாட்டுக்கு எந்த விரலை எங்கே வைப்பது என்று மட்டும்தான் தெரியும். அந்த வகுப்புக்கு அந்த ஆண்டு பாராட்டுக் கேடயம் கொடுத்தோம். நான்தான் துடைத்து மேசையில் வைத்தேன்.

என் மேலதிகாரி மிஸ்டர் லியோங்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். கொம்பும் வாலும் உள்ள ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. வாரத்துக்கு ஒருநாள் எல்லோருக்கும் தேங்காய்ப்பால் ஜாம் தடவிய காயா பன் வாங்கி வருவார். வகுப்பறைக்குள் போகும்போது யாரும் சொல்லாமலே காலணியைக் கழற்றி ஓரமாக ஜோடி சேர்த்து வைப்பார். மேசைப்பந்து விளையாடுகிறவர்களோடு மல்லுக்கட்டி எங்கள் வகுப்புகளுக்கு அறை வாங்கித் தந்தவரே அவர்தான். பிள்ளைகளின் பெயர்கள் அவருக்குத் தெரியும், தமிழ்ப் பெயர்கள்கூட.

அவரிடம் ஒரு பழக்கம். எந்த அறைக்குள் நுழைந்தாலும் முதலில் வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்ப்பார். பிறகு இரண்டு எட்டு பின்னால் போய், சுவரில் சாய்ந்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்பார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடித்துச் சட்டைப்பையில் போட்டால் திருப்தி என்று அர்த்தம். போட்டுக்கொண்டே நின்றால் அந்த வகுப்புக்கு ஏதோ ஆபத்து என்று அர்த்தம். அவர் அறையைப் பார்க்கவில்லை, அந்த அறை படத்தில் எப்படி வரும் என்று பார்க்கிறார் என்பது எனக்குப் புரிய வெகுநாளாயிற்று.

"மேல இருக்கிறவங்களுக்கு கிளாஸுக்கு வர டைம் இல்ல, ஸ்டெல்லா. அவங்க கண்ணுக்கு எது போகுதோ அதுதான் கிளாஸ்," என்பார். அவர் பேசியது ஆங்கிலம். நான் என் தமிழில் தருகிறேன்.

புக்கிட் பாஞ்சாங் சமூக மன்றத்தில் ஒரு மிருதங்க வகுப்பு இருந்தது. நடத்தியவர் பழனி மாஸ்டர். வாரநாட்களில் லிட்டில் இந்தியாவில், சிராங்கூன் சாலையை ஒட்டிய சந்து ஒன்றில் வாத்தியக் கடையில் வேலை. சனிக்கிழமை காலையில் எங்கள் வகுப்பு. அலுவலகம் ஏழெட்டு மிருதங்கங்கள் வாங்கிக் கொடுத்திருந்தது. அவை நீல உறைகளில், அறையின் மூலையில், வரிசையாகப் படுத்திருக்கும். படுத்தேதான் இருக்கும். ஏனென்றால் பழனி மாஸ்டர் முதல் வருடத்தில் யாரையும் மிருதங்கத்தைத் தொட விடுவதில்லை.

பாயில் சம்மணம் போட்டு உட்கார வேண்டும். கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். கையால் தொடையில் தாளம் போட்டபடி, சொற்களை வாயால் சொல்ல வேண்டும். த தி தொம் நம். முதலில் ஆமை வேகத்தில், பிறகு அதில் இரட்டிப்பாக, பிறகு அதிலும் இரட்டிப்பாக. சொல் வாயில் சரியாக உட்கார்ந்த பிறகுதான் அது கைக்கு இறங்கும் என்பது அவர் கட்சி. "வாய்ல வராதது விரல்ல வராதும்மா. விரல்ல வந்தாலும் அது சத்தம்தான்," என்பார். அவரும் அப்படித்தான் கற்றாராம்.

வருகை எடுப்பதிலும் அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார். தகதிமி என்பது போல ஒரு சின்னச் சொற்கட்டைச் சொல்லுவார். வரிசையில் முதல் பிள்ளை அதைத் திருப்பிச் சொல்லும். அடுத்து இன்னொன்று, அடுத்த பிள்ளை. இப்படிக் கடைசி வரை போனால் வருகை முடிந்தது. பெயரைச் சொல்லச் சொன்னால் என்ன மாஸ்டர் என்று ஒருமுறை கேட்டேன். "பேரு பள்ளிக்கூடத்துல சொல்லிக்கட்டும். இங்க எனக்கு உச்சரிப்பு தெரியணும்," என்றார்.

அந்த வகுப்புக்குத்தான் யாழினி வந்தாள். ஒன்பது வயது. அம்மா கஸ்தூரி ஜூரோங் பக்கம் ஒரு தொழிற்சாலை கேன்டீனில் சமையல் வேலை பார்த்தாள். பதிவு செய்ய வந்த அன்று பிள்ளையைச் சற்றுத் தள்ளி உட்கார வைத்துவிட்டு என்னிடம் வந்து தாழ்ந்த குரலில் பேசினாள்.

"அக்கா, பேர் கேட்டா நானே சொல்லிடறேன். அவளைக் கேக்காதீங்க. திக்குது அவளுக்கு. மத்த வார்த்தைன்னா, வராதுன்னு தெரிஞ்சா சட்டுனு வேற வார்த்தைக்கு மாறித் தப்பிச்சுக்குவா. பேரை மட்டும் மாத்த முடியாதுல்ல. அங்கதான் மாட்டிக்குவா."

பள்ளியில் வாய்விட்டு வாசிப்பதிலிருந்து அவளுக்கு விலக்குக் கொடுத்திருந்தார்களாம். பேச்சுப் பயிற்சிக்கும் போய்க்கொண்டிருந்தாளாம். பள்ளியின் நல்ல எண்ணத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் பிள்ளை ஒருநாள் முழுக்க ஒரு வார்த்தை பேசாமல் வீடு திரும்ப முடிந்தது.

முதல் சில வாரங்கள் அவள் உதடு மட்டும் அசைந்தது. மாஸ்டர் கண்டுகொள்ளவில்லை. அவள் முறை வரும்போது சற்று நேரம் காத்திருந்துவிட்டு, கோபமும் இல்லாமல் கொஞ்சலும் இல்லாமல் அடுத்த பிள்ளைக்குப் போய்விடுவார். பிறகு ஒரு சனிக்கிழமை, நான் கதவருகே நின்றிருந்தேன், அவள் முறை வந்தது. தொடையில் கை தட்டிக்கொண்டே இருந்தது. வாய் திறந்தது. தகதிமி தகஜணு என்று ஒரு முழுச் சொற்கட்டை, எங்கும் தடுக்காமல், மணிமணியாகச் சொல்லி முடித்தாள். கண்ணை மூடியிருந்ததால் மற்றப் பிள்ளைகள் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. மாஸ்டர் "ம்" என்று சொல்லிவிட்டு அடுத்த பிள்ளைக்குப் போனார். வெளியே நின்ற கஸ்தூரி என் முழங்கையைப் பிடித்த பிடியில் நகம் பதிந்தது.

"இது என் பொண்ணு குரலாக்கா? நான் இதைக் கேட்டதே இல்லையேக்கா."

அதற்குப் பிறகு வாரா வாரம் ஏதாவது ஒன்று நடந்தது. வீட்டுக்குப் போகும் பேருந்தில் தொடையில் தட்டிக்கொண்டே பாடப்புத்தகத்தில் ரெண்டு வரியை அம்மாவுக்கு மெதுவாக வாசித்துக் காட்டினாள். ஒருநாள் என்னிடம் வந்து, திக்கித் திக்கித்தான், ஆனால் தானாகவே, "தண்ணி எங்க ஆன்ட்டி?" என்று கேட்டாள். குணமாகிவிட்டது என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பாயில், சனிக்கிழமையில் அந்த ஒருமணி நேரம், அவள் மற்றப் பிள்ளைகளைப் போல ஒரு பிள்ளை. அவளுக்கு இருந்த ஒரே இடம் அது.

அப்போதுதான் ஆறு மாதப் பார்வைக்கு மிஸ்டர் லியோங் வந்தார். காலணியைக் கழற்றி வைத்தார். வெளிச்சத்தைப் பார்த்தார். சுவரில் சாய்ந்தார். பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு த தி தொம் நம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மூலையில் நீல உறைகள் வரிசையாகப் படுத்திருந்தன. மூக்குக்கண்ணாடி அவர் முகத்திலேயே இருந்தது.

வெளியே வந்ததும் கேட்டார். "ஸ்டெல்லா, டிரம் எல்லாம் கவருக்குள்ளயே இருக்கே? ரிப்பேரா?"

"இல்ல மிஸ்டர் லியோங். அவங்க கத்துக்கற முறை அப்படி. முதல் வருஷம் வாயாலதான்."

"ஆனா நாம வாங்கிக் கொடுத்தது டிரம். இவங்க பேசிட்டுத்தானே இருக்காங்க?"

ஒரு நூறு பேர் சேர்ந்து வாசிக்கும் மேளக் குழு ஒன்றை பூன் லேயில் விழாவுக்காகத் தயார் செய்கிறார்களாம், அங்கே வாத்தியம் போதவில்லையாம். உபயோகிக்காத மிருதங்கத்தை உபயோகிக்கிறவர்களுக்குக் கொடுப்பதுதானே முறை என்றார். மிருதங்கம் நூறு பேரோடு சேர்த்து அடிக்கிற வாத்தியம் இல்லை என்று நான் சொன்னது அவர் காதில் ஏறியதாகத் தெரியவில்லை. வாத்தியம் போனால் வகுப்பும் போகும், வாத்தியம் இல்லாத வகுப்புக்கு ஆசிரியர் எதற்கு என்று அடுத்த கேள்வி வரும். எனக்கு அது நன்றாகத் தெரியும்.

வழக்கம்போல வெளியே நின்று எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்த கஸ்தூரிக்குப் பதறிவிட்டது. தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், கையை ஆட்டி ஆட்டி, மகளின் கதை முழுவதையும் அவரிடம் கொட்டினாள். பள்ளியில் பேசாதது, இங்கே பேசியது, பேருந்தில் வாசித்தது எல்லாம். பெற்றவள் வேறென்ன செய்வாள்? மிஸ்டர் லியோங் அசையாமல் கேட்டார். உண்மையாகவே அவர் கண் கலங்கியது, நான் பார்த்தேன். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"ஸ்டெல்லா, இதுதான் நமக்கு வேணும்," என்றார். "இந்தப் பொண்ணை விழா மேடையில கொண்டு வாங்க. சிறப்பு விருந்தினர் முன்னால ஒரு நிமிஷம். அப்புறம் இந்தக் கிளாஸை ஒருத்தரும் தொட முடியாது. நான் கேரண்டி."

பேச வராத பிள்ளையைக் கொண்டுபோய்ப் பேச வைத்தால் வகுப்பு பிழைக்கும். பேச வைக்காவிட்டால் வாத்தியம் பூன் லேக்குப் போகும். இதைச் சொன்னவர் கெட்டவர் இல்லை, எங்களைக் காப்பாற்றுவதாகவே நினைத்தார். அதுதான் எனக்கு இன்றைக்கும் வயிற்றெரிச்சல்.

திங்கட்கிழமை மாலை பழனி மாஸ்டரின் கடைக்குப் போனேன். ஒரு மிருதங்கத்தை மடியில் வைத்துக்கொண்டு, கல்லும் கட்டையுமாகச் சுற்றித் தட்டிச் சுருதி கூட்டிக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடிக்கும்வரை தட்டுவதை நிறுத்தவில்லை.

"முதல் வருஷத்துப் பிள்ளையை நான் மேடை ஏத்தறதில்லைம்மா," என்றார்.

"ஏத்தலைன்னா கிளாஸே இல்ல மாஸ்டர்."

"அப்ப கிளாஸ் இல்லைன்னு போகட்டும். அந்தப் பிள்ளை இப்பத்தான் வாயைத் திறக்குது. அதைக் கொண்டுபோய் ஆயிரம் பேர் முன்னால நிறுத்துவீங்க, அப்புறம்? கடையில சாமான் வாங்கற மாதிரி பேசறீங்களேம்மா. நீங்களுமா?"

அந்த 'நீங்களுமா' சுருக்கென்று தைத்தது. அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் மற்றப் பிள்ளைகளின் பெற்றோர்கள் விஷயத்தைக் கேள்விப்பட்டுவிட்டார்கள். ஒரு நிமிடம் மேடையில் நின்றால் என்ன என்று அவர்கள் கஸ்தூரியிடம் நேராகக் கேட்கவில்லை. அவள் வந்தால் பேச்சை நிறுத்தினார்கள், அவ்வளவுதான். அதைவிடப் பெரிய நெருக்கடி வேண்டியதில்லை.

"என் பொண்ணாலதான் கிளாஸ் போச்சுன்னு பேர் வர வேணாம்க்கா," என்றாள் கஸ்தூரி. "அவளே சரின்னு தலையாட்டிட்டா."

கடைசியில் மாஸ்டர் ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தார். எல்லாப் பிள்ளைகளும் ஒன்றாகப் பாயில் உட்காருவார்கள். கண்ணை மூடிக்கொண்டு, சேர்ந்து சொற்கட்டைச் சொல்லிவிட்டு இறங்குவார்கள். யாரையும் தனியாக நிறுத்தக் கூடாது. யாரையும் எதுவும் கேட்கக் கூடாது. இதை நான் மிஸ்டர் லியோங்கிடம் நிறுத்தி நிதானமாகச் சொன்னேன். பெயர் சொல்வதுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விடக் கஷ்டம் என்பதையும் சொன்னேன். "புரியுது ஸ்டெல்லா. பிராமிஸ்," என்று கை கொடுத்தார்.

விழா நாளில் கூட்டம் நிறைய. பிள்ளைகள் பாயில் உட்கார்ந்தார்கள். மாஸ்டர் மேடையோரம் நின்று தாளத்தை எடுத்துக் கொடுத்தார். த தி தொம் நம் என்று தொடங்கி மூன்று வேகத்திலும் சொன்னார்கள். வாத்தியமே இல்லாமல் வெறும் குரலில் அந்த இடமே அதிர்ந்தது. முன்வரிசையில் இருந்த மலாய்க்கார அம்மா ஒருவர் தன்னையறியாமல் தொடையில் தட்டிக்கொண்டிருந்தார். யாழினியின் குரல் எனக்குத் தனியாகக் கேட்டது. முடித்தபோது கைத்தட்டல் அடங்க நேரமாயிற்று. நான் மூச்சு விட்டேன்.

அப்போது நிகழ்ச்சி நெறியாளர், பளபளக்கும் கோட்டுப் போட்ட ஓர் இளைஞர், மைக்கோடு பாய்க்கு வந்தார். கையில் ஓர் அட்டை. இந்தக் குழுவில் ஒரு சிறுமி இருக்கிறாள், அவளுக்குப் பேச வராது, இசைதான் அவளுக்குப் பேச்சைக் கொடுத்தது என்று கூட்டத்துக்கு வாசித்தார். யாழினியை எழுப்பி நிறுத்தினார். மைக்கை அவள் வாய்க்கு நேராக நீட்டி, "உன் பேரைச் சொல்லும்மா," என்றார்.

நான் மேடைக்குக் கீழே மிஸ்டர் லியோங்கைத் தேடி ஓடினேன். கேமராக்காரருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். "என்ன பண்றீங்க? பிராமிஸ் பண்ணீங்களே!" என்றேன்.

"ஒரே ஒரு வார்த்தைதானே, ஸ்டெல்லா," என்றார்.

மேடையில் யாழினியின் உதடு அசைந்தது. 'யா' என்ற ஒலி வந்தது. மறுபடி அதே ஒலி. எங்கோ ஒரு பிள்ளை சிரித்தது. பிறகு யாரோ நல்ல மனதோடு கைதட்டத் தொடங்கினார்கள், எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள், சொல்லு சொல்லு என்று உற்சாகப்படுத்தினார்கள். அதைவிடக் கொடுமை வேறில்லை. அவள் கண்ணை மூடிப் பார்த்தாள், மூடிய கண்ணுக்குள்ளும் விளக்கு வெளிச்சம் புகுந்தது. நான் படியேறிப் போவதற்குள் பழனி மாஸ்டர் மேடையைக் கடந்து வந்து மைக்கைக் கையால் ஒதுக்கிவிட்டு அவளைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். நெறியாளர், "ரொம்ப வெக்கம்! பலமா ஒரு கைத்தட்டல்!" என்று பூசி மெழுகினார். நான் அவளை இறக்கிக்கொண்டு வந்தேன். அவள் கை தொடையில் தட்டிக்கொண்டே வந்தது. அதில் தாளம் இல்லை.

அன்று நான் மிஸ்டர் லியோங்கிடம் சொன்னதையெல்லாம் இங்கே எழுத முடியாது. மைதானத்தில் பழகிய நாக்கு முழுக்க வெளியே வந்தது. மறுநாள் என் மேசையில் ஒரு காயா பன் இருந்தது. நான் அதைத் தொடவில்லை.

வகுப்பு பிழைத்தது. வாத்தியங்கள் எங்கும் போகவில்லை. மேலே இருந்து பாராட்டு வந்தது. அடுத்த சனிக்கிழமை யாழினி வரவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. கஸ்தூரி போனை எடுக்கவில்லை. மூன்றாவது வாரம் நான் அவர்கள் வீட்டுக்குப் போனேன்.

கீழ்த்தளத்தில் லிஃப்டுக்குக் காத்திருந்தபோது அறிவிப்புப் பலகையைப் பார்த்தேன். கண்ணாடிக்குள் பூட்டிய பலகை. எங்கள் அலுவலகத்தின் புதுச் சுவரொட்டி அதில் இருந்தது. யாழினியின் முகம், வாய் பாதி திறந்து, மைக்குக்கு முன்னால். உண்மையாகவே அழகான படம். யார் பார்த்தாலும் ஒரு பிள்ளை பேசத் தொடங்குகிறது என்றுதான் நினைப்பார்கள். மேலே நாலு மொழியிலும் பெரிதாக எழுதியிருந்தது: 'இசையால் குரல் பெற்றாள்'. இது பற்றி என்னிடம் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவர்கள் குடியிருக்கும் புளோக்கிலேயே, அவள் தினமும் பள்ளிக்குப் போகும் வழியிலேயே மாட்டியிருந்தார்கள். கண்ணாடியை நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். பூட்டு அசையவில்லை.

கஸ்தூரி கேட்டைத் திறந்தாள். முகம் வாடியிருந்தது. "லிஃப்ட்ல போக மாட்டேங்கறாக்கா. ஒம்பதாவது மாடி, படியில ஏறி இறங்கறா. கீழ் வீட்டுப் பசங்க அவளைப் பார்த்தா யா யாங்கறானுங்க. இப்ப அந்த த தி தொம் நம்கூடச் சொல்றதில்ல. எங்கிட்டயே பேசறதில்ல."

யாழினி உள்ளேயிருந்து வந்து அம்மாவுக்குப் பின்னால் நின்றாள். நான் வகுப்பைப் பற்றிப் பேசவில்லை, பேச எனக்கு முகம் இல்லை. அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். வரவில்லை. கஸ்தூரி எடுத்துக் கொடுக்கப் போனாள், நான் கையால் வேண்டாம் என்றேன். நாங்கள் மூவரும் காத்திருந்தோம். எதிர் வீட்டில் குக்கர் விசில் அடித்து ஓய்ந்தது. ஒவ்வொரு எழுத்தாக முட்டி மோதி, நடுவில் மூச்சு வாங்கி, அந்தப் பிள்ளை ஒரு முழுக் கேள்வியைக் கேட்டு முடித்தது.

"ஆன்ட்டி, நான்தான் பேசவே இல்லையே. அப்புறம் ஏன் அப்படிப் போட்டிருக்காங்க?"

அதே கேள்வியை மறுநாள் காலையில் எல்லோர் முன்னாலும் மிஸ்டர் லியோங்கிடம் கேட்டேன். சுவரொட்டியை எப்போது எடுப்பீர்கள் என்றும் கேட்டேன். மாதக் கடைசி வரை வைக்க வேண்டும் என்று மேலே சொல்லியிருக்கிறார்கள் என்றார். பிறகு, என்னைச் சமாதானப்படுத்துவதாக நினைத்து, "படம் ரொம்ப நல்லா வந்திருக்கு, ஸ்டெல்லா," என்றார்.

பாயில் யாழினியின் இடம் காலியாக இருக்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. சுவரொட்டியைப் பார்த்துவிட்டு நிறையப் பேர் கேட்டுக்கொண்டிருந்தார்களாம். அடுத்த சனிக்கிழமையே அந்த இடத்தில் வேறொரு பிள்ளை உட்கார்ந்தது. அந்த ஆண்டு அறிக்கையில் புக்கிட் பாஞ்சாங் வகுப்பைப் பற்றி நாங்கள் எழுதி அனுப்பியது இதுதான்: எல்லா இடமும் நிரம்பியது, வாத்தியங்கள் பத்திரம், ஒருவரும் விலகவில்லை.